கோப்பிக் காலத்துச் செப்பு வில்லைகள்

இன்று தேயிலை செழிக்கும் நுவரெலியா, அட்டன் முதலிய பகுதிகளை உள்ளடக்கிய இலங்கை மலைநாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கோப்பியே தலைமைப் பயிராயிருந்தது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பறித்த கோப்பி, கொழும்பிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பப்பட்டு, அங்கே உலர்த்தித் தெரிந்தெடுக்கப்பட்டது. அவ்வாலைகளை நடத்திய ஜோர்ஜ் ஸ்டூவர்ட் முதலிய கம்பனியார், கூலி கொடுத்தற்பொருட்டுத் தம் பெயர் பொறித்த செப்பு வில்லைகளை வழங்கினர்.

அவற்றுட் சிலவற்றில் 19 சதம் என்னும் மதிப்புக் காணப்படுகின்றது. இத்தொகை விந்தையானதேனும் காரணமற்றதன்று. பழைய வழக்கில் மூன்று பணம் நாலரைப் பென்சுக்குச் சமம். 1872இல் நூறு சதங் கொண்ட ரூபா நடைமுறைக்கு வந்தபோது, ரூபா ஒன்று 24 பென்சு எனக் கணிக்கப்பட்டமையால், நாலரைப் பென்சு 18.75 சதமாயிற்று, அதனை முழுவெண்ணாக்கி 19 எனப் பொறித்தனர். நாணய முறை மாறியும் கூலியளவு பழையதாகவே நின்றமையை இவ்வெண் புலப்படுத்துகின்றது.

1869இல் தோன்றிய இலைத்துரு நோயாற் கோப்பித் தொழில் வீழ்ச்சியுற, வில்லைகளும் பயனிழந்தன. வழங்கிய கம்பனிக்கு வெளியே அவை வெறுஞ் செம்பே. உருக்குவோர்க்கு எடையளவே விலை. ஆயினும், தம் வாழ்வைத் தாமே எழுதிவைக்கும் வாய்ப்பற்ற உழைப்பாளரின் ஊதியக் கணக்கு அவற்றிற் பதிந்துள்ளது. ஆதலின், எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்தல் வரலாற்றுக்குச் செய்யுந் தொண்டாகும்.