வேருக்குப் பெயருண்டு, தண்டுக்கு?

வெளிச்சொல் தமிழ் நாக்கில் என்ன ஆகும் என்பதற்கு அப்புத்தளை என்ற ஊர்ப்பெயரே சாட்சி. சிங்களத்தில் ஹபுத்தலே. நாம் ஹகரத்தை உதிர்த்துவிட்டோம்.

அந்த ஊர் இருக்கும் இலங்கை மலையகத்துக்கு வந்த இன்னொரு வெளிச்சொல் ரூபார்ப்; வெள்ளைக்காரத் துரைமாரின் மேசைக்கு உரியதாய் இருந்த காய்கறிகளில் ஒன்று. பெரிய இலை, செவ்வரி ஓடிய புளிப்புத் தண்டு. இந்தச் செடி தமிழுக்குப் புதிதல்ல. இதன் சீன உறவுச் செடியின் காய்ந்த வேர்தான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ரேவல்சின்னி. பாரசீகத்தில் ரேவந்த் என்றால் இந்தச் செடி, சீனி என்றால் சீனத்தது. அந்த ரேவந்த்தைத் தமிழ் ரேவல் ஆக்கியது. ரகரத்தில் சொல் தொடங்கலாகாது என்பவர் முன்னே இகரம் சேர்த்து இரேவற்சின்னி என்று எழுதினார். பேதிக்குக் கொடுக்கும் மஞ்சள் வேர் அது.

ஆங்கிலச் சொல்லோ வேறு திசையில் கை காட்டுகிறது. வொல்கா நதியின் பழம்பெயர் ரா. அதோடு ‘அந்நிய’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல் சேர்ந்து, லத்தீன் வழியாக ரூபார்ப் ஆயிற்று. சரக்கு எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தின் பெயரை ஒவ்வொருவரும் ஒட்டிக்கொண்டார்கள்.

1839இல் சீன அதிகாரி லின் சேசூ விக்டோரியா மகாராணிக்கு எழுதிய கடிதத்தில், தேயிலையும் ரேவல்சின்னியும் இல்லாமல் அந்நியர் ஒருநாள்கூடத் தாங்கமாட்டார்கள் என்ற பொருளில் மிரட்டினார். அதே ஆண்டில்தான் அசாம் தேயிலை விதைகள் பேராதனைத் தோட்டத்துக்கு வந்தன. பிறகு ஊவா மலைகளைத் தேயிலை மூடியது. ரேவல்சின்னியின் கதை அப்படிப் பரவவில்லை. வேரைத் தின்ற வெள்ளைக்காரர், கரும்புச் சீனி மலிந்த பிறகுதான் தண்டை உண்ணத் துணிந்தார்கள். தண்டைத் துண்டு போட்டு, ஏராளமாய்ச் சீனி கொட்டி, கொஞ்சம் இஞ்சியும் சேர்த்தால் பத்து நிமிடத்தில் குழைந்துவிடும். அலுமினியச் சட்டி ஆகாது, புளிப்பு அதை அரிக்கும்.

‘சீனி’ என்ற சொல்லும் சீனத்திலிருந்தே வந்தது. பெயரிலேயே சின்னியை வைத்திருக்கும் செடி, சீனி இல்லாமல் வாயில் வைக்க முடியாதது!

கோவா, போஞ்சி, கரட், லீக்ஸ் எல்லாம் அயல்சரக்குதான். ஆனாலும் லயத்து அடுப்பில் கறியானதால் நம் சொல்லாகிவிட்டன. ரூபார்ப் அந்த அடுப்பை எட்டவேயில்லை. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே வெறும் தேத்தண்ணி குடித்த வீட்டில், படி படியாய்ச் சீனி விழுங்கும் தண்டை யார் வேகவைப்பார்? என் கணிப்பு இதுதான். குளிர்காலத்தில் உறங்கி எழும் செடிக்கு அப்புத்தளைக் குளிர் போதாமல் போனதும் இன்னொரு காரணமாக இருக்கலாம்.

ரேவல்சின்னி என்ற பெயர் மட்டும் சும்மா இருக்கவில்லை. கொறுக்காய்ப்புளிக்கு உறவுக்கார மரம் ஒன்றுண்டு, பட்டையைக் கீறினால் மஞ்சள் பால் வடியும். அதுவும் மஞ்சள், அதுவும் பேதி. ஆகவே அதற்கு ரேவல்சின்னிப்பால் என்று பெயர் வைத்தார்கள். எங்கோ வடக்கே விளைந்த வேரின் பெயர், மீன்குழம்புக்குப் புளி தரும் குடும்பத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. தண்டு மட்டும் தமிழில் இன்னும் பெயரில்லாமல் நிற்கிறது.

வைப்பதானால் சின்னித்தண்டு என்று வைக்கலாம். சின்னிக்கீரை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. இலையில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டில் இந்த இலையைக் கீரையாய்த் தின்னச் சொல்லி பிரிட்டனில் பிரசாரம் நடந்தது. தின்றவர்களில் சிலர் செத்துப்போனார்கள்.