மூலமும் படியும்



தகடூர் என்னும் பழம்பெயர் தாங்கிய நம் தருமபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சியை நாம் இரண்டு வழிகளில் அறிகிறோம். ஒன்று, புறநானூறு. 1894-ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அந்நூலை அச்சேற்றியபோது அவர் கையில் இருந்தவை ஔவையார் காலத்து ஏடுகள் அல்ல. பனையோலை அத்தனை நூற்றாண்டுகள் தாங்குவதன்று. ஓர் ஓலை செல்லரித்துப் போகுமுன் அதைப் பார்த்து மற்றோர் ஓலை எழுதி, அதுவும் நைந்து போகுமுன் பிறிதொன்று எழுதி, இவ்வாறு வழிவழியாக வந்த படிகளே அவருக்குக் கிடைத்தவை. எழுதியவர்களில் மிகப் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. மற்றொரு வழி, திருக்கோவலூருக்கு அணித்தாக உள்ள சம்பை என்னும் ஊரின் குன்றில் 1981-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு. சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி அளித்த குகை உறையுள் அது என்று அந்த ஒற்றை வரி கூறுகிறது. அது படி அன்று, மூலம். அதைப் பொறித்த உளியின் தடம் இன்றும் அந்தக் கல்லிலேயே இருக்கிறது.

இவ்விரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் மாணவர் பலரும் உடனே கல்வெட்டைத்தான் சுட்டுவர். ஆயினும் ஏடெழுதியோர் படி எடாதிருந்தால் அஞ்சி நெல்லிக்கனி ஈந்த செய்தியே நமக்கு எட்டியிராது. கிரேக்க நாட்டிலும் இதே நிலைதான். மைரோன் என்னும் சிற்பி வார்த்த வட்டெறிவோன் சிலை வெண்கலத்தால் ஆனது, அஃது அழிந்துபட்டது. உரோமர் பளிங்கில் செதுக்கி வைத்த படிகளைக் கொண்டே அதன் அழகை உலகம் அறிகிறது. ஆகவே படி என்பதே இழிந்தது என்று எண்ணிவிடலாகாது. அது எப்பொழுது குற்றமாகிறது என்பதற்குத் தஞ்சைத் தரணியில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

கும்பகோணத்தை அடுத்தது சிவபுரம் என்னும் சிற்றூர். 1951-ஆம் ஆண்டில் அங்கே நிலத்தை உழுத ஓர் உழவருக்குச் செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. அவற்றுள் தலைமையானது பத்தாம் நூற்றாண்டைச் சார்ந்த சோழர் காலத்து நடராசர் திருமேனி. புதையற் சட்டத்தின்படி அவை அரசின் கைக்கு வந்து, பின்னர் அவ்வூர்ச் சிவகுருநாதசுவாமி கோயிலுக்கே அளிக்கப்பட்டன. மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்தமையால் அவற்றைச் செப்பனிட வேண்டியிருந்தது. 1954-ஆம் ஆண்டில் கும்பகோணத்து ஸ்தபதி ஒருவரிடம் ஒப்படைத்தனர். பணி முடிந்து திருமேனிகள் கோயிலுக்குத் திரும்பின. தீபாராதனை நடந்தது, ஊரார் வணங்கினர். ஐயம் எவருக்கும் எழவில்லை.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சார்ந்த டக்ளஸ் பாரட் என்னும் அறிஞர் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகளைப் பற்றி 1965-ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சிவபுரத்துக் கோயிலில் இருப்பது அண்மையில் வார்த்த படி என்றும், மூலம் தனியார் ஒருவர் வசம் இருக்கிறது என்றும் அதில் அவர் குறித்திருந்தார். பத்தாண்டுக் காலம் ஓர் ஊரே அறியாதிருந்ததைக் கடல் கடந்து வந்த ஒருவர் கண்டு சொன்னார். அப்பொழுதேனும் விரைந்து செயற்பட்டிருந்தால் அத்திருமேனி நாட்டைவிட்டு அகன்றிராது என்பது என் துணிபு. பழம்பொருள்களை உரிமமின்றி வெளிநாட்டுக்குக் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே இருந்தது. இருந்தும் என்ன பயன்? நடராசர் பம்பாய் வழியாக அமெரிக்கா சேர்ந்தார். 1973-ஆம் ஆண்டில் நார்ட்டன் சைமன் என்னும் செல்வரின் அறக்கட்டளை அதனை ஏறத்தாழ 9 இலட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976-ஆம் ஆண்டில் உடன்பாடு ஏற்பட்டது. பத்தாண்டுகள் அமெரிக்காவில் காட்சிக்கு வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் சாரம். அவ்வாறே 1986-ஆம் ஆண்டில் நடராசர் தமிழகம் திரும்பினார். ஆனால் சிவபுரத்துக்குச் செல்லவில்லை. பாதுகாப்புக் கருதிச் சென்னையிலேயே வைக்கப்பட்டார்.

இங்கே கூர்மையான வினா ஒன்று எழுகிறது. படியின் முன் நின்று கைகூப்பிய அந்த ஊர் மக்களின் வழிபாடு பொய்யாய்ப் போயிற்றா? நான் அவ்வாறு கருதவில்லை. பழுதுற்ற திருமேனிக்கு ஈடாகப் புதியது வார்த்து முறைப்படி எழுந்தருளச் செய்வது ஆகமம் ஒப்பிய வழக்கம். பழைமை ஒன்றே தெய்வத்தன்மை தருமானால் புதுக்கோயில் எதிலும் வழிபாடு நடக்க இயலாது. அவர்தம் பக்திக்குக் குறைவில்லை. பறிபோனவை வேறு: அவர்களுடைய உடைமையும், உண்மையை அறியும் உரிமையும். இதோ புதியது, பழையது இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொல்லி வைத்திருந்தால் அது படி. சொல்லாமல் வைத்ததால் அது களவு. செம்பும் வடிவும் இரண்டிலும் ஒன்றே. சொல்லப்படாத அந்த ஒரு வாக்கியந்தான் வேறுபாடு.

மூலத்தை எவ்வாறு அறிவது என்று கேட்பீர்கள். நம் நாட்டுத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் ஆனவை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வர். அதன்மேல் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். குளிர்ந்தபின் மண் அச்சை உடைத்து உருவத்தை எடுப்பர். அச்சு உடைந்துவிடுவதால் ஒவ்வொரு திருமேனியும் தனித்த ஒன்று. அதைப் பார்த்துச் செய்யும் மற்றொன்று எத்துணைத் திறமையுடன் செய்யினும் மற்றொரு கையின் வேலையே. மேலும் பல நூற்றாண்டுத் திருமஞ்சனத்தால் மூக்கும் விரலும் தேய்ந்திருக்கும் தேய்வு, மண்ணுள் கிடந்தபோது ஏறிய பச்சைக் களிம்பு ஆகியவையும் மூலத்துக்கு உரியன. பத்தூர் நடராசர் வழக்கில் இது நன்கு விளங்கிற்று. 1976-ஆம் ஆண்டில் தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட அத்திருமேனி இலண்டன் வரை சென்றது. அதன்மேல் படிந்த மண்ணையும் கறையான் தடத்தையும், அவ்வூரிலேயே கிடைத்த பிற திருமேனிகளின்மேல் இருந்தவற்றோடு ஒப்பிட்டு நிபுணர்கள் சான்று கூறினர். பாழடைந்த அச்சிறு கோயிலே வழக்காடும் தகுதியுடையது என்று ஆங்கில நீதிமன்றம் ஏற்றது. 1991-ஆம் ஆண்டில் நடராசர் மீண்டார். கறையான் சாட்சி சொல்லிய வழக்கு வேறு உண்டோ, அறியேன்!

இத்தகைய பூசல் கோயிலோடு நிற்பதன்று. மேனாடுகளில் பழைய மோட்டார் வண்டிகளைப் பெருஞ்செல்வமாகப் போற்றுகிறார்கள். மூல வண்டி எது, அதைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய வண்டி எது என்று அங்கே ஓயாத வாதம் நடக்கிறது. 1929, 1930 ஆகிய ஈராண்டுகளிலும் பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் வென்றது பென்ட்லி வண்டி ஒன்று. பிற்காலத்தில் அதன் பொறியும் மேற்கூடும் உறுப்புகளும் மாறி மாறிப் புதுப்பிக்கப்பட்டன. அது ஒரு கோடி பவுனுக்கு விலை பேசப்பட்டபோது, இது பந்தயத்தில் ஓடிய அந்த வண்டியே அன்று என்று வாங்குவோர் மறுத்தனர். 1990-ஆம் ஆண்டில் இலண்டன் உயர் நீதிமன்றம் அதனை ஆராய்ந்தது. தொடக்கத்து உறுப்புகளில் எஞ்சியவை சிலவே எனினும், நடுவே அறுபடாத தொடர்ந்த வரலாறு அந்த வண்டிக்கு உண்டு. ஆகவே அது அதுவே என்று தீர்ப்பாயிற்று. உறுப்புகள் மாறியும் அந்த வண்டி மூலமாகவே நின்றது. சிவபுரத்துப் படியோ, விரல் நுனி வரை மூலத்தை ஒத்திருந்தும் மூலமாகவில்லை. இரண்டையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

படியே மூலத்துக்குக் காவலாக நின்றதும் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசரை ஆசுதிரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ஆம் ஆண்டில் 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. அது திருட்டுப் பொருள் என்பதை நிலைநாட்ட உதவியவை, 1955-ஆம் ஆண்டில் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த நிழற்படங்கள். நிழற்படமும் ஒருவகைப் படிதானே! 2014-ஆம் ஆண்டில் அத்திருமேனி நம் நாட்டுக்கு மீண்டது.

இனி, நம் மாவட்டத்துக்கு வருவோம். தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளின் வயலோரங்களிலும் ஏரிக்கரைகளிலும் நடுகற்கள் பல நிற்கின்றன. ஆநிரை கவர்ந்தும் மீட்டும் பட்ட வீரர் உருவமும், வட்டெழுத்தில் அவர் பெயரும், அரசனின் ஆட்சியாண்டும் அவற்றில் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்திலும் பல சேர்ந்துள்ளன. அனைத்தையும் அங்கே கொண்டு சேர்த்துவிட்டு வயலில் படிகளை நிறுத்தலாம் என்பார் உளர். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்பாரும் உளர். எனக்கு இரு திறத்தாரும் பாதி உண்மையே சொல்கின்றனர் என்று தோன்றுகிறது. வேடியப்பன் என்று பெயரிட்டு ஊரார் பொங்கலிட்டு வணங்கும் கல்லை அகற்றுவது தகாது. அவர்களினும் சிறந்த காவலர் அதற்குக் கிடையார். கேட்பாரற்றுத் துணி துவைக்கும் கல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் கிடப்பதை எடுத்துக் காப்பதே முறை. எடுக்குமுன் கல்வெட்டாய்வாளர் செய்வதுபோல் மைப்படி எடுத்துவிட வேண்டும். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்தில் தாள் பதியச் செய்து, மேலே மையொற்றினால் எழுத்து வெள்ளையாகத் தெளியும். 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூலாக வெளியிட்டது இத்தகைய உழைப்பின் பயனே.

அகற்றிய கல்லின் இடத்தில் படி ஒன்றை நிறுத்துவதாயின் அதற்கும் தடை சொல்ல மாட்டேன். அதன் அடியில் ‘படி’ என்று பொறித்து, மூலம் எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்றும் எழுதட்டும். அருங்காட்சியகத்துக் கல்லின் கீழும் வீரன் பெயரோடு, அக்கல் நின்ற ஊரின் பெயரையும், அது வயலா, ஏரிக்கரையா என்பதையும் எழுதி வைக்கட்டும்.