பூக்குழியும் கதையுலகும்: சிங்கப்பூர்த் தீமிதி விழாவில் ஊடகம் கடந்த கதைசொல்லல்

முன்னுரை

சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரத்தில் அமைந்துள்ள நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணினி விளையாட்டு உருவாக்கம் ஒரு பாடத்துறையாகவே இடம்பெற்று வந்துள்ளது. இத்துறை சார்ந்த ஆய்வுகளில் பெரிதும் வழங்கும் கருத்து ‘ஊடகம் கடந்த கதைசொல்லல்’ என்பதாகும். ஒரே கதையைப் பல ஊடகங்களில் திரும்பச் சொல்வது அன்று இது. ஒரு கதையுலகின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு ஊடகங்கள் தாங்கி நிற்பதாகும். அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக விளக்கினார். ‘தி மேட்ரிக்ஸ்’ என்னும் கதை திரைப்படம், அசைவூட்டப் படம், கணினி விளையாட்டு எனப் பிரிந்து நின்றதை அவர் சான்றாகக் காட்டினார்.

இக்கருத்தைப் புத்தம் புதியதாகக் கொள்ளும் போக்கு உண்டு. எனினும், லிட்டில் இந்தியாவில் தொடங்கிச் சவுத் பிரிட்ஜ் சாலையில் நிறைவுறும் தீமிதி விழா, இதற்கு ஒத்த ஓர் அமைப்பை நெடுங்காலமாகக் கொண்டுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்துப் பின்புலம்

வடதமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பாரதக் கதை மூன்று நிலைகளில் நிகழ்கின்றது. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தை அடிப்படையாகக் கொண்ட பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, இவற்றுடன் ஊர் மக்கள் பங்கேற்கும் சடங்குகள். அர்ச்சுனன் தபசின்போது நடிகர் உயர்ந்த மரத்தில் ஏறுகின்றார். படுகளத்தன்று துரியோதனனின் பெரிய மண்ணுருவம் தரையில் கிடக்க, வீமன் அதன் தொடையைப் பிளக்கின்றான். பாஞ்சாலி கூந்தலை முடிக்கின்றாள். இதன்பின் தீமிதி நிகழ்கின்றது. அல்ஃப் ஹில்டபைட்டல் 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகள் செஞ்சிப் பகுதியை மையமாகக் கொண்டு இம்மரபை ஆராய்ந்துள்ளன.

இங்கு நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பாஞ்சாலி தீயில் நடந்த நிகழ்ச்சி வியாசர் நூலிலும் இல்லை. வில்லியார் நூலிலும் இல்லை. அது வாய்மொழி மரபிலும் சடங்கிலும் மட்டுமே வாழ்வது. அரவான் களப்பலியோ வியாசரிடம் இல்லாது தமிழ்ப் பாரத மரபில் இடம்பெறுவது. ஆகவே நூலை மட்டும் கற்றவர்க்கும் கதை முழுமையாகக் கிட்டுவதில்லை. சடங்கை மட்டும் கண்டவர்க்கும் கிட்டுவதில்லை. ஊடகந்தோறும் கதையின் தனிப்பகுதி அமைதல் என்னும் இலக்கணம் இங்கே பொருந்துகின்றது.

சிங்கப்பூரில் தீமிதி

பினாங்கிலிருந்து 1819இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை, 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயிலை நிறுவினார். நாகப்பட்டினம், கடலூர்ப் பகுதிகளிலிருந்து வந்தோர் தொடக்கக்கால வழிபாட்டாளருள் முதன்மையானோர். இவர்களுடன் திரௌபதி வழிபாடும் வந்து சேர்ந்தது. தீமிதி 1840 முதல் நடைபெற்று வருவதாகக் கூறப்படுகின்றது.

கொடியேற்றத்தில் தொடங்கும் விழா இரண்டு மாதங்களுக்கு மேல் நீள்கின்றது. திரௌபதி திருக்கல்யாணம், இராசசூய யாகம், அர்ச்சுனன் தபசு, அரவான் களப்பலி, படுகளம் எனப் பாரத நிகழ்ச்சிகள் சடங்குகளாகத் தொடர்கின்றன. தீபாவளிக்குச் சில நாள் முன்னர், ஐப்பசித் திங்களில், சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து பக்தர்கள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நடந்து மாரியம்மன் கோயிலை அடைகின்றனர். கரகம் தாங்கிய தலைமைப் பூசாரி முதலில் பூக்குழியில் இறங்க, ஏனையோர் தொடர்கின்றனர். தழலைக் கடந்தோர் பாற்குழியில் கால் நனைக்கின்றனர்.

தமிழகத்தில் பிரசங்கமும் கூத்தும் சுமந்த பொறுப்பின் பெரும்பகுதியைச் சிங்கப்பூரில் சடங்கே ஏற்றுள்ளது. நகரின் பரபரப்பான சாலைகள், சில மணி நேரத்திற்குப் பாரதக் கதையின் வெளியாகின்றன.

விளையாட்டும் நேர்த்திக்கடனும்

யோஹான் ஹைசிங்கா 1938இல் வெளியிட்ட ‘ஹோமோ லூடன்ஸ்’ நூலில், விளையாட்டும் சடங்கும் ஒத்த வடிவுடையன என்றார். வரையறுத்த இடம், வரையறுத்த காலம், மீறவியலா விதிகள் ஆகியன இரண்டிற்கும் பொது. நோன்பிருத்தல், காப்புக் கட்டுதல், எல்லை வகுத்த குழி ஆகியவற்றில் இவ்வொப்புமையைக் காணலாம்.

எனினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. கணினி விளையாட்டில் வீழ்ந்த வீரன் மீண்டும் எழுவான், தழலோ உண்மையானது. விளையாடுவோர் வேறொருவராக மாறி மகிழ்கின்றனர். தீமிதிப்போர் தம் சொந்த வேண்டுதலோடு, தம் பெயரிலேயே, கதைக்குள் நுழைகின்றனர். 2020இல் கொவிட்-19 கட்டுப்பாடுகள் நிலவியபோது விழாவை நேரலையில் காணும் வாய்ப்பு அமைந்தது. திரையில் கண்டவர்க்குக் காட்சி கிடைத்தது, நேர்த்திக்கடன் தீரவில்லை. மெய்ந்நிகர் உலகிற்கும் சடங்குலகிற்கும் உள்ள வேறுபாடு இதனால் தெளிவாகும்.

கதையை இழக்கும் சடங்கு

சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் இந்தியர் விழுக்காடு 2010இல் 41.6ஆக இருந்து 2020இல் 59.2ஆக உயர்ந்தது. சடங்கிற்குக் கால்கள் போதும். கதைக்கு மொழி வேண்டும். அரவான் யார், பாஞ்சாலி கூந்தலை ஏன் விரித்திருந்தாள் என்பன தமிழ்வழிக் கதை மரபில் உறைபவை. சொல் என்னும் ஊடகம் மெலிந்தால், பூக்குழி துணிவின் தேர்வாக மட்டும் எஞ்சக்கூடும். சடங்கு தொடர்கின்றது என்பதால் கதையும் தொடர்கின்றது என்று கொள்ளுதல் பொருந்தாது.

முடிவுரை

தீமிதி மரபு, ஊடகம் கடந்த கதைசொல்லலுக்குத் தமிழ்ச் சூழலில் அமைந்த வரலாற்றுச் சான்றாகும். இதனைப் பழம்பெருமையாகக் கூறி அமைதல் பயன் தராது. வில்லியார் பாடலையும், கூத்துப் பனுவலையும், சிங்கப்பூர்ச் சடங்கையும் அருகருகே வைத்துக் கற்பிக்கும் பாடத்திட்டம் தமிழாசிரியர்களால் இயலக்கூடியதே. விளையாட்டு வடிவமைப்புப் பயிலும் மாணவரும் அதில் தமக்குரிய பொருளைக் காண்பர். பூக்குழியைக் கடக்கும் இளைஞர், தாம் எந்தக் கதைக்குள் நடக்கின்றோம் என்பதைத் தமிழில் அறிந்திருத்தல் வேண்டும்.