தமுக்கு முதல் ஷேர் பட்டன் வரை



நம் கூட்டமைப்புக்கு ஒரு வெப்சைட் தொடங்கலாமா என்று பேச்சு வந்தபோது, "அதான் வாட்ஸ்அப் குரூப் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?" என்று பாதிப் பேர் கேட்டார்கள். "பேஸ்புக்கில் ஒரு பக்கம் வச்சாப் போதும், செலவும் இல்ல" என்று சிலர் சொன்னார்கள். வெப்சைட், பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் ஒன்றா வேறா, ஒன்றோடு ஒன்றை எப்படிக் கோர்ப்பது என்பதில் எல்லோருக்கும் குழப்பம். விழா மலரில் இதைப் பற்றி எழுதச் சொல்லி என்னிடம் விட்டுவிட்டார்கள். பத்தாவது வரை படித்தவள் நான். தேடிப் படிக்கப் படிக்க, இதுக்குப் பின்னால் ஒரு வரலாறே இருப்பது தெரிந்தது. அதில் முக்கியமான சில சங்கதிகள் நம் தமிழ் ஊர்களிலேயே நடந்திருக்கின்றன.

முன்னெல்லாம் ஊருக்குச் சேதி சொல்லத் தமுக்குத்தான். தெருத்தெருவாக நின்று அடித்து, "இதனால் சகலமானவர்களுக்கும்" என்று சத்தம் போட்டுச் சொல்லிப் போவார்கள். அந்த வேலையைக் குறிப்பிட்ட ஆட்கள் தலையிலேயே கட்டி வைத்திருந்தார்கள். எல்லார் வாசலுக்கும் சேதி கொண்டு போனவர் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. 2022 ஆகஸ்டில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, தண்டோரா போடுவதை நிறுத்திவிட்டு வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கும்படி கலெக்டர்களுக்கு எழுதினார். இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

இன்டர்நெட்டில் கிடக்கிற சேதியை ஊருக்குள் கொண்டு வருவதற்கு நம் பக்கம் நடந்த முன்னோடி முயற்சி புதுச்சேரியில். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் அங்கே உள்ள கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கனடா நாட்டு ஆராய்ச்சி மையம் ஒன்று பண உதவி செய்தது. வில்லியனூரில் தலைமை இடம், மற்ற கிராமங்களில் கிளைகள். அப்போது கிராமத்தில் போன் லைன் சரியாகக் கிடைக்காது. அதனால் போலீஸ்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி வயர்லெஸ் மூலம் தகவலை அனுப்பினார்கள். கரண்ட் போனால் நின்றுவிடக் கூடாதென்று சூரிய ஒளித் தகடும் வைத்தார்கள்.

ஏம்பலம் கிராமத்தில் அந்த மையம் ஒரு கோயில் கட்டடத்தில் இருந்தது. கோயிலுக்கு இரண்டு வாசல். ஒரு வாசல் வழியாகத் தாழ்த்தப்பட்ட மக்களும் தூரமான பெண்களும் உள்ளே போகக் கூடாது. இன்னொரு வாசல் கம்ப்யூட்டர் அறைக்கு, அதில் யார் வேண்டுமானாலும் போகலாம். 2000-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் இதை எழுதியிருந்தார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு வாசலும் பழக்கமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழூர் என்று ஒரு கிராமம். 1954-ல் பிரெஞ்சுக்காரனை விட்டு இந்தியாவோடு சேரலாம் என்று பிரதிநிதிகள் ஓட்டுப் போட்ட ஊர் அது. அங்கே எழுதப் படிக்கத் தெரியாத ஒரு அம்மாவின் பசுமாடு அஞ்சு நாளாகக் கன்று ஈன முடியாமல் கத்திக்கொண்டு கிடந்தது. இருந்தது அந்த ஒரு கறவை மாடுதான். விஷயம் காதுக்குக் காது போய், மையத்தைப் பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு எட்டியது. அந்தப் பெண் கம்ப்யூட்டரில் இருந்து சுற்று வட்டார மாட்டு டாக்டர்களின் பட்டியலை எடுத்துக் கொடுக்க, அன்று ராத்திரியே டாக்டர் வந்து கன்றை வெளியே இழுத்தார். அந்த அம்மா கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. அவருக்கும் அந்தப் பட்டியலுக்கும் நடுவில் ஒரு மனுசி இருந்தாள், அவ்வளவுதான்.

கடலோர ஊரான வீராம்பட்டினத்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். வங்கக் கடலில் அலை எவ்வளவு உயரம் எழும்பும் என்கிற கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் வெப்சைட்டில் வரும். இங்கிலீஷில், அதுவும் கப்பல்காரர்களுக்காகப் போட்டது. மையத்தில் இருந்தவர்கள் தினமும் அதை இறக்கி, தமிழில் ஆக்கி, ஊரில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கட்டுமரக்காரர்கள் அதைக் கேட்டுவிட்டுத்தான் கடலுக்குள் போவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். ஷேர் பட்டன் என்று ஒன்று உலகத்தில் வராத காலம் அது. ஒரு வெப்சைட்டில் உள்ளதை அங்கே வரவே முடியாத ஆட்களிடம் கொண்டு சேர்ப்பதுதானே ஷேர்? அதை ஒரு மைக்செட்டை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

பக்கத்திலேயே நல்லவாடு. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு இதே மையத்தில் தொண்டு செய்தவர். சுனாமிச் செய்தி தெரிந்ததும் வீட்டுக்குப் போன் அடித்தார். ஊரார் மையத்துக்கு ஓடிப் போய் ஒலிபெருக்கியில் சொல்ல, கரையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தப்பித்தார்கள். வீடும் படகும் போனது, உயிர் நின்றது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த ஒலிபெருக்கியைக் கட்டியது சுனாமிக்காக இல்லை, தினப்படி அலைக் கணக்குச் சொல்லத்தான். தினமும் ஓடிய வழியாக இருந்ததால்தான் அன்றைக்கும் அந்த வழியில் சேதி ஓடியது.

அடுத்து வந்த தடை தமிழ் எழுத்து. தொடக்கத்தில் ஒவ்வொரு வெப்சைட்டும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்தது. ஒன்றில் உள்ளதை எடுத்து இன்னொன்றில் போட்டால் கட்டம் கட்டமாகவோ கிறுக்கலாகவோ வரும். பகிர்வது என்கிற பேச்சுக்கே இடம் இல்லை. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு பொதுவான விசைப்பலகை வந்தது. யுனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-ல் ஆணை போட்டு ஏற்றுக்கொண்டது. இன்றைக்கு எந்தப் போனில் எழுதி எந்தப் போனுக்கு அனுப்பினாலும் "அ" அங்கே போய் "அ"வாகவே தெரிவது அதனால்தான்.

அதே 2010 ஏப்ரலில்தான் பேஸ்புக் நிறுவனம் தன் லைக் பட்டனை மற்றவர்கள் வெப்சைட்டிலும் வைத்துக்கொள்ளலாம் என்று கொடுத்தது. அதோடு சேர்த்து இன்னொரு ஏற்பாடும் வந்தது. ஒரு பக்கத்தின் தலைப்பு என்ன, எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று அந்தப் பக்கத்துக்குள்ளேயே மறைவாக எழுதி வைக்கும் முறை. நாம் வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் போட்டால் கீழே சின்னப் படமும் பேரும் வருகிறதே, அது அங்கிருந்து வருவதுதான். அப்படி எழுதி வைக்காத பக்கத்தின் லிங்க் வெறும் எழுத்தாகத்தான் போகும். "இது என்னமோ, தொட்டா காசு போயிரும்" என்று நம் ஆட்கள் தொட மாட்டார்கள். அவர்கள் பயப்படுவதும் சரிதான். மோசடி லிங்க் அப்படித்தான் வருகிறது.

வாட்ஸ்அப் 2009-ல் வந்தது. 2014-ல் அதையும் பேஸ்புக்கே 1,900 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து நெட் மலிவானதும், ஏலத்தோட்டத்துக்கு வெள்ளென ஜீப்பு ஏறுகிற பிள்ளைகள் கையிலும் அது வந்துவிட்டது. அதற்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும்.

நல்லது போகிற வழியில்தான் கெட்டதும் போகிறது. 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு புரளி. திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர்ப் பக்கம் குலதெய்வம் கும்பிடக் குடும்பத்தோடு காரில் வந்த சென்னை மூதாட்டி ஒருவர், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார். கடத்தல்காரி என்று ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றுவிட்டது. பல மாநிலங்களில் இப்படி நடந்த பிறகுதான், அந்த ஆண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு சேதியை ஒரே நேரத்தில் அஞ்சு பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. படத்துக்கும் வீடியோவுக்கும் பக்கத்தில் இருந்த அம்புக்குறி பட்டனையும் இங்கே எடுத்துவிட்டார்கள். ஒரு பட்டனை வைப்பதும் எடுப்பதும் இவ்வளவு பெரிய காரியம்.

வாட்ஸ்அப்பில் போகிற சேதிக்குத் தாய்வீடு கிடையாது. யார் சொன்னது, எப்போது சொன்னது, இப்போதும் உண்மையா என்று கேட்டால் பதில் இல்லை. கடன் முகாம் தேதியை மாற்றி மூன்று மாதம் ஆன பிறகும் பழைய தேதியோடு சுற்றுகிற சேதியை நம் குரூப்பிலேயே பார்த்திருக்கிறோம். வெப்சைட்டில் ஒரே இடத்தில் தேதியைப் போட்டு, அந்தப் பக்கத்தின் லிங்க்கை மட்டும் குரூப்பில் விட்டால், தேதி மாறும்போது அங்கே ஒருமுறை திருத்தினால் போதும். லிங்க் எத்தனை கை மாறினாலும் திறந்தால் புதுத் தேதிதான் இருக்கும். வெப்சைட் எதுக்கு என்று கேட்ட அக்காமார்களுக்கு என் பதில் இது.

பேஸ்புக் பக்கம் போதும் என்கிறவர்களுக்கு டிக்டாக்கை ஞாபகப்படுத்துகிறேன். நம்ம ஊர்ப் பெண்கள் எத்தனை பேர் அதில் ஆடினார்கள், பாடினார்கள், சமைத்துக் காட்டினார்கள்! 2019 ஏப்ரலில் மதுரை ஐகோர்ட்டு தடை போட்டு, அதே மாதக் கடைசியில் நீக்கியது. அப்புறம் 2020 ஜூன் 29-ந் தேதி மத்திய அரசு 59 சீன ஆப்களைத் தடை செய்தபோது டிக்டாக்கும் போனது. அடுத்த நாள் திறந்தால் ஒன்றும் இல்லை. லட்சம் பேர் பின்தொடர்ந்த பெண்ணுக்கும் ஒன்றும் இல்லை. தடை சரியா தப்பா என்று நான் பேச வரவில்லை. ஆர்குட் 2014-ல் மூடினார்கள், கூகுள் பிளஸ் 2019-ல் மூடினார்கள், அதற்கெல்லாம் தடைகூட வேண்டியிருக்கவில்லை, முதலாளி மூடினார். வாரச்சந்தையில் கடை போடலாம், போடத்தான் வேண்டும், சனம் அங்கேதான் வரும். ஆனால் இடம் சந்தைக்காரனுடையது. சரக்கை வீட்டில் வைத்துக்கொண்டு சந்தைக்குக் கொண்டு போக வேண்டும்.

அதனால் பேஸ்புக் வேண்டாம் என்று சொல்லவில்லை. பேஸ்புக்கில் பக்கம், யூடியூப்பில் சேனல், இரண்டும் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் நம் வெப்சைட் முகவரி இருக்க வேண்டும். வெப்சைட்டில் அவற்றுக்குப் போகிற வழியும் இருக்க வேண்டும். கணியம்பாடிக்குப் பஸ் இருந்து திரும்பி வரப் பஸ் இல்லாவிட்டால் எப்படி?

பட்டன் வைப்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பேஸ்புக் கொடுக்கிற பட்டனை அப்படியே நம் பக்கத்தில் பதிப்பது. அது பேஸ்புக்கின் கம்ப்யூட்டரில் இருந்து நேராக வந்து உட்காரும். அதனால் நம் பக்கத்தைப் பார்க்க வந்தவர் பட்டனைத் தொடாவிட்டாலும் அவர் வந்த தகவல் அங்கே போய்விடும். ஜெர்மனியில் இணையத்தில் துணி விற்கிற ஒரு கடை இப்படி லைக் பட்டன் வைத்திருந்தது. அதன் மீது வழக்குப் போய், 2019 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம், தகவலைத் திரட்டி அனுப்புவதில் பட்டனை வைத்த கடைக்கும் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. இன்னொரு வகை, வெறும் படமும் லிங்க்கும். தொட்டால் மட்டும்தான் திறக்கும், தொடாதவரை யாருக்கும் எதுவும் போகாது. நமக்கு இது போதும், செலவும் இல்லை. வாட்ஸ்அப்புக்கும் அப்படி ஒன்று உண்டு: "டபிள்யூஏ.மீ" என்று தொடங்கி, கோடு போட்டு, 91 சேர்த்து நம் நம்பர். அதைத் தொட்டால் நம்பரைப் பதிந்துகொள்ளாமலேயே நமக்குச் சேதி அனுப்பலாம். முருங்கைப் பொடிக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் வெளியூர்க்காரர் ஆர்டர் கொடுக்க இதைவிடச் சுருக்கமான வழி இல்லை. மகளிர் குழுப் பொருட்களுக்காக மதி சந்தை என்ற இணையதளமே நடக்கிறது. நம் பொருள் அதில் ஏறினால், அந்த லிங்க்கையும் நம் பக்கத்தில் வைக்கலாம்.

ஆனால் அந்த நம்பர் யாருடையது? இதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஓரிடத்தில் குழுப் பெண் ஒருத்தியின் சொந்த நம்பரைப் பொருள் விளம்பரத்தில் போட்டு, ராத்திரி பதினோரு மணிக்கெல்லாம் கண்டவன் போன் அடித்து, வீட்டில் சண்டையாகி அந்தப் பிள்ளை குழுவை விட்டே போய்விட்டது. இன்னோரிடத்தில், பயிற்சி கொடுக்க வந்தவர் குழுவின் பேஸ்புக் பக்கத்தைத் தன் சொந்தக் கணக்கில் தொடங்கினார். அவர் வேலை மாறிப் போனார், பக்கமும் அவரோடு போனது. அஞ்சு வருசப் போட்டோ அதில் இருந்தது.

1989-ல் தர்மபுரியில் முதல் குழுக்கள் தொடங்கிய காலத்தில் இருந்து நம் பணம் ஒரு ஆள் கையெழுத்தில் வெளியே போனதில்லை. ஊக்குநரும் பிரதிநிதியும் சேர்ந்து போட்டால்தான் பேங்கில் பணம் தருவார்கள். பாஸ்வேர்டும் அந்த மாதிரி இருக்க வேண்டும். கூட்டமைப்பின் பேரில் தனியாக ஒரு சிம், தனியாக ஒரு இமெயில். பேஸ்புக் பக்கத்துக்கு மூன்று நிர்வாகிகள், ஒருவர் விலகினால் அடுத்த கூட்டத்திலேயே மாற்றித் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். வெப்சைட் பேருக்கு வருசா வருசம் கட்டுகிற பணத்துக்கும் தேதி போட்டு வைக்க வேண்டும், கட்டத் தவறினால் அந்தப் பேரை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம்.

போன் இல்லாத உறுப்பினர்களும் நம்மில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெப்சைட்டில் வருகிற அறிவிப்பை வாரம் ஒருமுறை பெரிய எழுத்தில் எழுதிக் கூட்டமைப்பு அலுவலக வாசலில் ஒட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு என் பேரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். சிம் யார் பேரில் வாங்குவது என்பது அடுத்த கூட்டத்துக்கு வருகிறது. எல்லோரும் வந்துவிடுங்கள்.