செம்புத் தகடும் சிறுமாதிரியும்: கடல்நீர் அரிப்புத் தடுப்பில் ஹம்ப்ரி டேவியின் ஆய்வுகள் (1823–1825)

ஆய்வுச்சுருக்கம்

கப்பலின் அடிப்பகுதியில் வேயப்பட்ட செம்புத் தகடு கடல்நீரில் அரிபடுவதைத் தடுக்க ஹம்ப்ரி டேவி 1824ஆம் ஆண்டு ஒரு வழியை முன்வைத்தார். ஆய்வுக்கூடத்திலும் துறைமுகத்திலும் சிறிய அளவில் வென்ற அவ்வழி, கடலோடும் கப்பல்களில் கைவிடப்பட்டது. சிறிய அளவில் செய்த சோதனை பெரிய கப்பலைப் பற்றித் தவறான செய்தி தந்தது என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் விளக்கம். சோதனை தவறான செய்தி எதையும் தரவில்லை. அதனிடம் கேட்கப்பட்ட கேள்வியே குறுகியதாக இருந்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இன்று கடலில் ஓட்டப்படும் மாதிரிப் படகுகளின் பராமரிப்போடு ஒப்பிட்டு இவ்வாதம் தெளிவாக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கடல்நீர் அரிப்பு, செம்புத் தகடு, ஹம்ப்ரி டேவி, சமாரங், மாதிரிப் படகு.

முன்னுரை

கடல்நீரில் எடையளவில் ஏறத்தாழ 3.5 விழுக்காடு உப்புகள் கரைந்துள்ளன. மின்னோட்டத்தை எளிதில் கடத்தும் இந்நீரில், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரு வேறு உலோகங்கள் ஒரு மின்கலமாகச் செயற்படும். எளிதில் மின்னணுக்களை இழக்கும் உலோகம் கரையும்; மற்றது காக்கப்படும். செம்பும் இரும்பும் சேர்ந்தால் இரும்பு கரையும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் துத்தநாகம் கரையும்.

சோழமண்டலக் கரையின் மசூலாப் படகுகளில் இச்சிக்கல் எழவில்லை. அவற்றின் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டன. கட்டுமரத்தின் மரங்களும் கயிற்றாலேயே பிணைக்கப்பட்டன. கரையோர அலையின் அடியைத் தாங்கும் நெகிழ்ச்சியே அவ்வமைப்பின் பெரும்பயன். உலோக அரிப்பு அங்கு இடம்பெறாமை அதன் உடன்விளைவு. மாறாக, ஐரோப்பியப் போர்க்கப்பல்கள் இரும்பு ஆணிகளாலும் முளைகளாலும் இணைக்கப்பட்டவை. அவற்றின்மேல் செம்பு ஏறியபோதுதான் சிக்கல் தொடங்கியது.

அலார்ம் கப்பல் தந்த பாடம்

வெப்பக் கடல்களில் மரந்துளைக்கும் கடற்புழுக்கள் கப்பலின் அடிப்பலகைகளைச் சல்லடையாக்கின. பாசியும் ஓட்டுயிரிகளும் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இவ்விரண்டுக்கும் தீர்வாகப் பிரித்தானியக் கடற்படை 1761இல் அலார்ம் என்னும் 32 பீரங்கிகள் கொண்ட கப்பலின் அடிப்பகுதியைச் செம்புத் தகட்டால் மூடி, மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. 1763இல் அக்கப்பல் ஆராயப்பட்டபோது, செம்பு ஒட்டியிருந்த இடங்களில் மரம் நன்னிலையில் இருந்தது. ஆனால் செம்பைத் தொட்ட இரும்பு ஆணிகள் பெரிதும் அரிபட்டிருந்தன; அவ்விடங்களில் தகடுகளும் கழன்றிருந்தன. தகட்டைப் பொதிந்து வந்த பழுப்புத் தாள் இடையில் தங்கியிருந்த இடங்களில் மட்டும் இரும்பு கேடின்றி இருந்தது.

இரு உலோகங்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்னும் முடிவு இதிலிருந்து பெறப்பட்டது. வோல்ட்டா தம் மின்னடுக்கை 1800இல்தான் அறிவித்தார். எனவே காரணம் அறியப்படுவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே காப்புவிதி அறியப்பட்டுவிட்டது. ஆயினும் அவ்விதி முழுமையாகப் பின்பற்றப்படவில்லை. அமெரிக்க விடுதலைப் போரின் நெருக்கடியில், சார்லஸ் மிடில்டனின் முயற்சியால், 1779 முதல் கடற்படையின் பெரும்பகுதி விரைந்து செம்பு வேயப்பட்டது. நீருக்கடியிலிருந்த இரும்பு முளைகள் மறைவில் அரிபட்டன. செம்பால் செய்த முளைகள் 1780களில் அவற்றின் இடத்தைப் பிடித்த பின்னரே செம்பு வேய்தல் நிலையான வழக்கமாயிற்று.

டேவியின் ஆய்வு

இரும்பைச் செம்பிலிருந்து காப்பது இவ்வாறு முடிந்தது. அடுத்து, செம்பையே கடலிலிருந்து காக்க வேண்டியிருந்தது. தகடுகள் சில ஆண்டுகளில் தேய்ந்து போயின. சில கப்பல்களில் தேய்வு மிக விரைவாக நிகழ்ந்தது. செம்பின் தரக்குறைவே காரணம் என்னும் ஐயம் பரவலாக இருந்தது. 1823இல் கடற்படை வாரியம் அரச கழகத்தின் அறிவுரையை நாடியது. அப்போது அதன் தலைவராக இருந்த ஹம்ப்ரி டேவி இப்பொறுப்பைத் தாமே ஏற்றார். மைக்கேல் ஃபாரடே சோதனைகளில் துணைநின்றார்.

1824 சனவரியில் படிக்கப்பட்ட முதற்கட்டுரையில், செம்பின் மாசு முதன்மைக் காரணமன்று என டேவி கூறினார். நீரில் கரைந்துள்ள காற்றின் ஆக்சிசன் செம்போடு வினைபுரிவதே அடிப்படை என்பது அவர் முடிவு. செம்பின் மின்நிலையைச் சிறிது மாற்றினால் இவ்வினை நிற்கும் என்று அவர் கருதினார். பட்டாணி அளவான துத்தநாகத் துண்டோ சிறிய இரும்பு ஆணியின் முனையோ தொட்டிருந்தால், 40 முதல் 50 சதுர அங்குலம் வரையான செம்பு கேடின்றி நிற்பதைச் சோதனையில் கண்டார். நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்பவற்றைக் குறிக்கும் கலைச்சொற்களை ஃபாரடே 1834இல்தான் வழக்குக்குக் கொண்டுவந்தார். அச்சொற்கள் பிறக்கும் முன்பே டேவி அக்கருத்தைச் செயலில் காட்டிவிட்டார்.

அதே ஆண்டு சூனில் படிக்கப்பட்ட இரண்டாம் கட்டுரை, போர்ட்ஸ்மத் துறைமுக நீரில் பல வாரங்கள் வைக்கப்பட்ட தகடுகளைப் பற்றியது. தகடுகள் முன்னும் பின்னும் எடையிடப்பட்டன. காக்கும் உலோகத்தின் பரப்பு செம்பின் பரப்பில் 40இல் ஒரு பங்கிலிருந்து 110இல் ஒரு பங்கு வரை இருந்தபோது செம்பு எடை இழக்கவில்லை. அளவு அதற்கும் குறைந்தபோது படிப்படியாக இழப்புத் தோன்றியது. 1000இல் ஒரு பங்கு கூட ஓரளவு பயன் தந்தது.

கொச்சியில் பிறந்த சமாரங்

முழுக் கப்பலில் இம்முறையைச் சோதிக்கும் வாய்ப்பு சமாரங் என்னும் 28 பீரங்கிக் கப்பலுக்கு வாய்த்தது. இது கொச்சியில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறக்கப்பட்டது. 1824இல் போர்ட்ஸ்மத்தில் இக்கப்பலின் முன்புறத்தில் இரண்டும் பின்புறத்தில் இரண்டுமாக வார்ப்பிரும்புக் கட்டிகள் பொருத்தப்பட்டன. அவற்றின் பரப்பு செம்பின் பரப்பில் ஏறத்தாழ 80இல் ஒரு பங்கு. கப்பல் நோவா ஸ்கோஷியா சென்று 1825 சனவரியில் திரும்பியது.

செம்பு நன்கு காக்கப்பட்டிருந்தது. ஆனால் கப்பலின் அடி முழுவதும் பாசியும் ஓட்டுயிரிகளும் மண்டியிருந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. டேவி இதனை மறுத்தார். பின்புறக் காப்புக் கட்டிகளைச் சூழ்ந்த துருவின்மீது மட்டுமே சிற்றுயிர்கள் காணப்பட்டன என்று 1825ஆம் ஆண்டுக் கட்டுரையில் எழுதினார். சமாரங்கைப் பொறுத்தவரை அவர் கூற்று ஏற்கத்தக்கதாயினும், காப்புப் பெற்ற பிற கப்பல்களில் உயிரி ஒட்டுதல் மிகுந்ததை மறைக்க இயலவில்லை. கடலோடும் கப்பல்களில் இம்முறையைப் பயன்படுத்துவதைக் கடற்படை 1825இல் நிறுத்தியது.

காரணம் எளிது, ஆனால் முரணானது. செம்பு மெல்லக் கரைவதால்தான் அதன் நச்சு, உயிரிகளை ஒட்டவிடாமல் செய்கிறது. கரைவது நின்றால் நச்சும் நின்றுவிடும். மேலும் காக்கப்படும் செம்பின் முகத்தில் காரத்தன்மை மிகுவதால் கடல்நீரின் கால்சியமும் மக்னீசியமும் வெண்படிவாகப் படிகின்றன. அது உயிரிகள் பற்றிக்கொள்ள ஏற்ற தளமாகிறது. எனவே அரிப்பு முற்றிலும் வென்றெடுக்கப்பட்ட இடத்தில் செம்பு வேய்ந்ததன் பாதிப் பயன் அழிந்தது.

சோதனை பொய்த்ததா?

சிறிய அளவில் மெய்யானது பெரிய அளவில் பொய்த்தது என்று இந்நிகழ்வைச் சுருக்குவது வழக்கம். இது முழுவதும் பொருந்தாது. மிகையாகக் காக்கப்பட்ட துறைமுகத் தகடுகளில் வெண்படிவு தோன்றியதையும், அதில் பாசியும் சிற்றுயிர்களும் ஒட்டக்கூடும் என்பதையும் டேவி 1824ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே பதிவுசெய்திருந்தார். காப்பு உலோகத்தின் அளவைக் குறைத்து, செம்பைச் சிறிதளவு கரையவிட வேண்டும் என்னும் எண்ணமும் அவரிடம் இருந்தது. ஆகவே சிறுதகடு எச்சரிக்கை தரவே செய்தது.

குறை அளவுகோலில் இருந்தது. சோதனையின் வெற்றி, தகட்டின் எடை குறைந்ததா என்பதைக் கொண்டே தீர்மானிக்கப்பட்டது. தகட்டுக்கு ஒரே கடமைதான்; அது அழியாதிருந்தால் போதும். கப்பலின் அடியில் வேயப்பட்ட அதே தகட்டுக்கோ இரண்டு கடமைகள்: புழுவைத் தடுப்பதும், கப்பலைத் தூய்மையாக வைத்து விரைந்து செல்லவிடுவதும். இரண்டாவதை எடைத்தராசு அளக்காது. உயிரி ஒட்டுதல் சோதனையில் ஒரு குறிப்பாகவே நின்றது. கடலில் அதுவே தீர்ப்பாயிற்று.

இவ்விடத்தில் வில்லியம் ஃபிரவுடின் பணி ஒப்புநோக்கத்தக்கது. 1872இல் டார்க்கியில் தாம் அமைத்த தொட்டியில் கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்த அவர், நீரின் எதிர்ப்பை ஒரே எண்ணாகக் கொள்ளவில்லை. அலை எழுப்புவதால் வரும் எதிர்ப்பு ஒரு விதிப்படியும், பரப்பு உராய்வால் வரும் எதிர்ப்பு வேறொரு விதிப்படியும் அளவோடு மாறுவதால், இரண்டையும் தனித்தனியே கணக்கிட்டார். மாதிரியிலிருந்து கப்பலுக்குச் செல்லும்போது எது எவ்வாறு மாறும் என்று முதலில் பகுத்தறிய வேண்டும் என்பதே அவர் நிறுவிய நெறி. டேவியின் சோதனைக்கு இத்தகைய பகுப்பு வாய்க்கவில்லை.

மாதிரிப் படகில் அதே சிக்கல்

கடலில் ஓட்டப்படும் இன்றைய மாதிரிப் படகு இவ்வாதத்திற்கு நல்ல உரைகல். அதில் பித்தளைப் புரொப்பெல்லர், எஃகுத் தண்டு, அலுமினியத் தாங்கி ஆகியவை அருகருகே இருக்கும். கப்பலைப் போலவே இவையும் மின்கலமாகும். ஆனால் படகு நீரில் இருப்பது ஒரு மணி நேரம் அல்லது இரண்டு மணி நேரமே. அதற்குள் உயிரி ஒட்ட வழியில்லை. எனவே டேவியின் காப்பைக் கவிழ்த்த குறை இங்குத் தோன்றவே தோன்றாது.

மாறாக, டேவிக்கு எழாத வேறொரு சிக்கல் இங்கு முதன்மை பெறுகிறது. படகைக் கரையேற்றிய பின் தண்டுக்குழாயிலும் திருகுகளின் இடுக்கிலும் தங்கும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு நாட்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். துத்தநாகத் துண்டு இங்குப் பெரிதும் உதவாது. காக்கும் உலோகமும் காக்கப்படும் உலோகமும் ஒரே நீரில் மூழ்கியிருக்கும்வரைதான் அக்காப்பு செயற்படும். நீரைவிட்டு எடுத்ததும் சுற்று அறுந்துவிடும். ஆதலால் நன்னீரில் கழுவுதல், முற்றிலும் உலர்த்துதல், தண்டுக்குழாயில் மசகு நிரப்புதல், வேற்று உலோகங்களுக்கிடையே மின்கடத்தாப் பொருளை வைத்தல் ஆகியவையே இங்குத் தக்க வழிகள். இவற்றுள் இறுதியாகக் கூறியது, அலார்ம் கப்பலின் பழுப்புத் தாள் கற்பித்த அதே பாடம்.

முடிவுரை

டேவியின் முறை அழிந்துவிடவில்லை. உயிரி ஒட்டுதலைத் தடுக்கும் பணியை நச்சுப் பூச்சுகள் தனியே ஏற்றுக்கொண்ட பின், அரிப்பைத் தடுக்கும் பணி மட்டும் துத்தநாகத்திடமும் மக்னீசியத்திடமும் அலுமினியத்திடமும் விடப்பட்டது. இன்று எஃகுக் கப்பல்களும் கடலடிக் குழாய்களும் அம்முறையாலேயே காக்கப்படுகின்றன. ஒரே தகட்டின்மீது சுமத்தப்பட்ட இரு கடமைகள் பிரிக்கப்பட்டபோதே 1824ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு தன் பயனைக் கண்டது.

இதனால் தொழில்நுட்ப வரலாற்றில் 'தோல்வி' என்னும் சொல்லை ஆள்வதில் கவனம் தேவை என்பது புலனாகிறது. டேவியின் வேதியியல் தோற்கவில்லை. அவருடைய சிறுதகடும் பொய்யுரைக்கவில்லை. பொருள் ஒன்று சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குச் செல்லும்போது அதன் பரிமாணத்தோடு அதனிடம் எதிர்பார்க்கப்படும் பணியும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கணக்கில் கொள்ளாத அளவுகோலே சமாரங் காலத்து ஏமாற்றத்திற்கு அடிப்படையாகும்.