பேருல நாலு, உள்ள ரெண்டு

"கேம் ஆட கிராபிக்ஸ் கார்டு மாத்தணும் ப்ரோ, இப்ப இருக்கறது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?" எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி. பெட்டி மேல இருக்கற பேரைப் பார்த்தா போதாதா? போதாது. ஏன்னு சொல்ல 2002க்குப் போகணும்.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2001ல என்விடியா ஜீஃபோர்ஸ் 3 வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு பிக்சலுக்கு என்ன நிறம்ங்கற கணக்கு பெரும்பாலும் சிப்புக்குள்ளயே முடிவான விஷயம். இதுல கேம் எழுதறவங்களே அதுக்குச் சின்னதா ஒரு புரோகிராம் எழுதிக் கொடுக்கலாம். பிக்சல் ஷேடர்னு பேரு. 2002ல வந்த மோரோவிண்ட் கேம்ல தண்ணி பளபளன்னு அலையடிச்சது இதனாலதான்.

2002 பிப்ரவரியில ஜீஃபோர்ஸ் 4 வருது, ரெண்டு வகையா. டிஐ வகை நிஜமாவே 3க்கு அடுத்த தலைமுறை. விலை கம்மியான எம்எக்ஸ் இருக்கே, அது ஜீஃபோர்ஸ் 2 வம்சம்! மெமரி பக்கம் கொஞ்சம் மெருகேத்தியிருந்தாங்க, ஆனா பிக்சல் ஷேடர் கிடையாது. டூம் கேமை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான ஜான் கார்மாக், டூம் 3 ஆட இதை வாங்காதீங்கன்னு அப்பவே எழுதினார். கார்டு என்னவோ நல்லாவே வித்துச்சு.

அடி விழுந்தது 2003ல. டியூஸ் எக்ஸ்: இன்விசிபிள் வார், பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி சாண்ட்ஸ் ஆஃப் டைம், ரெண்டுக்குமே பிக்சல் ஷேடர் கட்டாயம். கார்டு மெதுவா இருந்தா செட்டிங்ஸைக் குறைச்சு ஆடிடலாம். வசதியே இல்லாத கார்டுல எதைக் குறைக்க? இதுல வேடிக்கை, 2004ல வந்த டூம் 3 மட்டும் எம்எக்ஸ்ல ஓடுச்சு. பழைய சிப்புகளுக்குன்னே கார்மாக் தனி வழி எழுதி வச்சிருந்தார்.

இந்தப் பழக்கம் போகல. ஜிடி 1030ல ரெண்டு இருக்கு. ஜிடிடிஆர்5 மெமரி வச்சது நொடிக்கு 48 ஜிபி டேட்டா தள்ளும், 2018ல வந்த டிடிஆர்4 கார்டு ஏறக்குறைய 17. பேரு ஒண்ணுதான். 2022ல ஆர்டிஎக்ஸ் 4080ன்னு 12 ஜிபி, 16 ஜிபி ரெண்டை அறிவிச்சாங்க. முதல்ல சொன்னதுல 7,680 கோர், அடுத்ததுல 9,728. ஊரே கழுவி ஊத்தினதும் 12 ஜிபியை வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில 4070 டிஐன்னு வித்தாங்க. என்னைக் கேட்டா, முதல்லயே வச்சிருக்க வேண்டிய பேரு அது.

அதனால விண்டோஸ்ல டிவைஸ் மேனேஜரைத் திறங்க. டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், பிராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், அதுல ஹார்ட்வேர் ஐடி. வி-ஈ-என் பக்கத்துல 10டிஇ இருந்தா என்விடியா, 1002 இருந்தா ஏஎம்டி, 8086னா இன்டெல். அடுத்து வர்ற டி-ஈ-வி எண்ணைத் தேடினா சிப் எதுன்னு தெரிஞ்சிடும். மெமரி வகையை ஜிபியு-இசட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் காட்டும்.

புதுசு வாங்கறதுக்கு முன்னாடி கேபினெட்டையும் திறந்து பாருங்க. கார்டு ஸ்லாட் கொடுக்கறது அதிகபட்சம் 75 வாட்ஸ்தான். அதுக்கு மேல கேக்கற கார்டுக்கு பவர் சப்ளையில இருந்து தனி கேபிள் வேணும். கையோட ஒரு ஸ்கேல் எடுத்து, உள்ள எவ்ளோ நீளம் இடமிருக்குன்னும் அளந்துக்கோங்க.