எழுத்தின் எல்லை கடந்த மை

ஜப்பானில் ‘ஷோதோ’ எனப்படும் தூரிகை எழுத்துக்கலை பல நூற்றாண்டுகள் கற்றோரின் அடிப்படைப் பயிற்சியாக விளங்கியபோதிலும், மேலைநாட்டு ஓவிய முறைகள் பரவிய மெய்ஜி காலத்தில் அதன் தகுதி கேள்விக்குள்ளாகி, 1882இல் ஓவியர் கொயாமா ஷோதாரோ அது கலையே ஆகாது என்று வாதிட, ஒகாகுரா தென்ஷின் அதற்கு மறுப்பு எழுதினார். அவ்வழக்கு போருக்குப் பிந்தைய தலைமுறையிடம் புதிய வடிவம் கொண்டது. 1952இல் மொரித்தா ஷிர்யு, இனோவே யூஇச்சி உள்ளிட்ட ஐவர் கியோத்தோவில் ‘பொகுஜின்காய்’ என்னும் மைக்கலைஞர் குழுவை நிறுவினர். மொரித்தாவின் ‘பொகுபி’ இதழ் பிரான்ஸ் கிளைன் போன்ற அமெரிக்க அரூப ஓவியர்களை எழுத்துக்கலைஞர்களுக்கு அறிமுகப்படுத்தியது. ஆயினும் வடிவம் எவ்வளவு உருமாறினாலும் எழுத்தைக் கைவிடலாகாது என்பதே மொரித்தாவின் நிலைப்பாடு.

அவ்வெல்லையைத் துணிந்து கடந்தவர் ஷினோதா தோகோ. 1913இல் மஞ்சூரியாவின் தாலியன் நகரில் பிறந்து, தோக்கியோவில் வளர்ந்து, ஆறு வயதில் தந்தையிடம் தூரிகை பிடிக்கக் கற்ற அவர், நதியைக் குறிக்கும் எழுத்துக்கு மூன்று கோடுகளே உண்டு என்ற விதிக்குள் அடங்க மனமின்றி மேலும் கோடுகள் தீட்ட விழைந்தார். 1954இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜப்பானிய எழுத்துக்கலைக் கண்காட்சியில் அவரது படைப்பு இடம்பெற்றது. 1956இல் அமெரிக்கா சென்று ஏறத்தாழ ஈராண்டு தங்கினார்.

அவரைத் தாயகத்துக்குத் திருப்பியவற்றுள் மையும் ஒன்று. ‘சுமி’ என்பது எண்ணெயையோ பைன் மரத்தையோ எரித்துப் பெறும் புகைக்கரியை விலங்குப் பசையுடன் குழைத்து உலர்த்திய கட்டி. அதைக் கல்லில் நீர்விட்டு இழைக்கும்போது, நீரின் அளவுக்கேற்ப அடர்கருமை முதல் மென்சாம்பல் வரை சாயல்கள் பிறக்கின்றன. அந்த மை தாளில் ஊறிப் பரவ ஈரக்காற்று வேண்டும். நியூயார்க்கின் வறண்ட காற்றிலோ அது விரைந்து உலர்ந்துவிட்டது. ஜப்பான் திரும்பிய பின் அவர் கல்லச்சு ஓவியங்களிலும் ஈடுபட்டார். 1974இல் தோக்கியோவின் ஸோஜோஜி ஆலயத்துக்காக 29 மீட்டர் நீளச் சுவரோவியம் ஒன்றை உருவாக்கினார்.

இந்த மைக்கலையை அமெரிக்க அரூப ஓவியத்தின் கிளையாகக் கருதுவது பொருந்தாது. அழித்துத் திருத்த இடந்தராத ஒரே வீச்சு, கோட்டுக்கு இணையான மதிப்புடைய வெற்றிடம் ஆகிய இரண்டும் எழுத்துப் பயிற்சி அளித்த செல்வங்கள். ஷினோதா எழுத்தைத் துறந்தாரே தவிர அப்பயிற்சியைத் துறக்கவில்லை. நூறு வயதைக் கடந்தும் தூரிகையைக் கைவிடாத அவர், 2021 மார்ச்சில் 107ஆம் வயதில் மறைந்தார்.